சீர்த் தாம்பாளத்தில் ஓர் இரைச்சல்

"ஞாயித்துக்கெழம மதியம் பன்னண்டு மணி. அதுக்கு மேல ஒரு நிமிசம் கெடையாது" என்றாள் எழிலரசி.

மாதேஷ் தலையை ஆட்டினான். ஆட்டாமல் என்ன செய்வது? தாம்பாளம் அவளுடையது.

பொம்மிடியில் அவர்கள் வீட்டுப் பரண்மேல் பத்து வருடமாகத் தூங்கிக்கொண்டிருந்த பித்தளைத் தாம்பாளம் அது. கல்யாணச் சீரில் வந்தது. விளிம்பில் 'பச்சியப்பன் மேஸ்திரி - சாலம்மாள் அன்பளிப்பு' என்று புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கும்.

மாதேஷுக்குத் தொழில் பாப்பிரெட்டிப்பட்டியில் மோட்டார்களுக்குச் செப்புக்கம்பியில் காயில் கட்டுவது. ஆசை, பழைய ரேடியோக்களில் எரியும் கண்ணாடி வால்வுகளை வைத்துப் பாட்டுக் கேட்க ஒரு ஆம்ப்ளிஃபயர். ஆறு மாத வேலை. வால்வுகள் கிடைத்துவிட்டன. இரண்டு டிரான்ஸ்பார்மர்களையும் அவனே சுற்றிவிட்டான். எல்லாவற்றையும் உட்கார வைக்க ஒரு தட்டுதான் பாக்கி. இரும்புத் தட்டு காந்தத்தைக் கடத்திவிடும். பித்தளை என்றால் அந்தத் தொல்லை இல்லை. பரணைப் பார்த்தான். மனைவியைப் பார்த்தான். ஒப்பந்தம் பிறந்தது.

தாம்பாளத்தில் ஓட்டை போட்டால் போட்டதுதான். அதனால் முதலில் மரப்பலகையில் வைத்து இடம் பார்க்க வேண்டும். கரண்டை வாங்கும் பெரிய டிரான்ஸ்பார்மர் சும்மா இருக்காது, தன்னைச் சுற்றிக் காந்தத்தை வீசும். ஸ்பீக்கருக்குப் பாட்டை அனுப்பும் சின்ன டிரான்ஸ்பார்மர் அதைப் பிடித்து 'உம்ம்ம்' என்று இரையும். சின்னதில் ஹெட்போனை மாட்டிக் கேட்டுக்கொண்டே அதை மெல்லத் திருப்பினால், ஏதோ ஒரு கோணத்தில் இரைச்சல் செத்துப்போகும். அங்கேதான் ஓட்டை.

"சத்தம் நின்னுச்சான்னு நான்தான் சொல்லுவேன்" என்றாள் எழிலரசி. "நீங்களே பரிச்ச எழுதி நீங்களே மார்க் போட்டுக்கற வேலையெல்லாம் வேணாம். நின்னா, அப்பாகிட்ட நானே பேசி ஓட்ட போட ஒத்துக்க வெக்கறேன். நிக்கலையா, தாம்பாளம் பரணுக்கு. மத்ததெல்லாம் பழைய இரும்புக்காரருக்கு."

வியாழக்கிழமையே மாதேஷ் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டான். முப்பத்தேழு டிகிரி. ஹெட்போனில் ஒரு ஈ பறக்கும் சத்தம்கூட இல்லை.

"எழிலு! நின்னுடுச்சு!"

"எங்க நின்னுச்சு? அடுப்படி வரைக்கும் உம்ம்முனு கேக்குது."

சுவிட்சை அணைத்து, ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஓடினான்.

"இப்ப நின்னுடுச்சு" என்றாள்.

"அணைச்சா நிக்காம என்ன பண்ணும்?"

வெள்ளிக்கிழமை டிரான்ஸ்பார்மருக்கு அடியில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி வைத்தான். எழிலரசிக்கு அப்போதும் கேட்டது. சனிக்கிழமை ஒரு சாண் தள்ளி வைத்தான். "நேத்தைக்கு விட ஜாஸ்தி" என்று தீர்ப்பு வந்தது. ஹெட்போனுக்குள் மயான அமைதி. அடுப்படியில் உம்ம்ம். மாதேஷுக்குத் தூக்கம் போனது. பழைய இரும்புக்காரரின் தராசு கண்ணை மூடினால் வந்து ஆடியது.

ஞாயிறு பதினொன்றரை மணிக்கு மாமனார் வந்து இறங்கினார். பச்சியப்பன் மேஸ்திரி நாற்பது வருடம் சுவர் கட்டியவர். ஒரு கையில் ஒகேனக்கல் மீன், இன்னொரு கையில் சுவரின் மூலை நேராக இருக்கிறதா என்று பார்க்கும் மூலைமட்டம். மகள் வீட்டு விருந்துக்கு மூலைமட்டம் எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. அது இல்லாமல் அவர் பஸ் ஏறமாட்டார்.

மேசைமேல் தாம்பாளத்தைப் பார்த்தார். தன் பெயரை விரலால் தடவிக்கொடுத்தார்.

"இத எதுக்குப் பாப்பா எடுத்து வெச்சிருக்க?"

"ஓட்ட போடறதுக்குப்பா. சத்தம் நின்னா."

மேஸ்திரியின் கண் தாம்பாளத்தைத் தாண்டிப் பலகைக்குப் போனது. அவர் முகம் சுருங்கியது.

"மாப்ளே, ஓட்ட கெடக்குதுங்க. என்னங்க இது, இப்படிக் கோணலா ஒக்காந்திருக்குது?"

மாதேஷ் பாய்வதற்குள் மூலைமட்டம் பலகையில் விழுந்தது. 'சடக்'. சின்ன டிரான்ஸ்பார்மர் பெரியதற்கு நேராக, பள்ளிக்கூடப் பிள்ளைபோல் வரிசையில் நின்றது.

"மாமா! மூணு நாள் ஒழைப்புங்க மாமா!"

"மூணு நாள் ஒழைச்சும் நேரா வெக்கத் தெரியலீங்களா?"

சண்டை போட நேரமில்லை. மணி பதினொன்று நாற்பது. மாதேஷ் ஹெட்போனை எடுத்து மாமனாரின் தலையில் கவிழ்த்து, சுவிட்சைப் போட்டான். மேஸ்திரி துள்ளிவிட்டார்.

"யப்பா! காதுக்குள்ள கலவை மெசின் ஓடுது!"

"அது நீங்க நேரா வெச்சதுங்க. இப்பப் பாருங்க."

மாதேஷ் சின்ன டிரான்ஸ்பார்மரை மெல்லத் திருப்பினான். பத்து டிகிரி. இருபது. மேஸ்திரியின் புருவம் ஏறியது. முப்பது. வாய் பிளந்தது. முப்பத்தேழு.

"ஒண்ணுமே கேக்கலீங்க மாப்ளே! சுத்தமா இல்ல! கோணலா வெச்சாத்தான் கம்முனு இருக்குமா இது?" என்று கத்தினார். காது மூடியிருப்பவர்கள் எப்போதும் கத்தித்தான் பேசுவார்கள்.

"கேக்குது" என்றாள் எழிலரசி.

மேஸ்திரி ஹெட்போனைத் தூக்கினார். "அட ஆமா. கேக்குது." மாட்டினார். "கேக்கல." தூக்கினார். "கேக்குது!" மாட்டினார். "இது என்ன பாப்பா பேய் வேல?"

மணி பதினொன்று ஐம்பத்தைந்து. மாதேஷ் டிரான்ஸ்பார்மரை விடாமல் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடி, முடியளவு இந்தப் பக்கம், முடியளவு அந்தப் பக்கம் திருப்பினான்.

எழிலரசி அடுப்படியிலிருந்து வந்தாள். பெரிய டிரான்ஸ்பார்மரிடம் காதைக் கொண்டுபோனாள். இல்லை. சின்னதிடம் கொண்டுபோனாள். அங்கேயும் இல்லை. கொசுவைத் தேடுகிறவள்போல் சத்தம் வரும் திக்கில் மெல்ல நகர்ந்தாள். பலகை, கை, தோள். கடைசியில் கணவனின் முகத்துக்கு நேரே வந்து நின்றாள்.

அவன் மூக்கைப் பிடித்தாள்.

உம்ம்ம் நின்றது.

விட்டாள். உம்ம்ம்.

பிடித்தாள். நின்றது.

மேஸ்திரி ஹெட்போனைக் கழற்றிவிட்டு மகளின் விரல்களையும் மாப்பிள்ளையின் மூக்கையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்பா, சத்தம் இவருதுப்பா! டிரான்ஸ்பார்மரு பாவம், வியாழக்கெழமையே ஊமையாயிடுச்சு. எடத்தத் தேடித் திருப்பறப்ப, இவருதான் வாய மூடிக்கிட்டு உம்ம்முங்கறாரு!"

"நானா? நான் எப்படி..." மூக்கடைத்த குரலில் மாதேஷ் மறுத்தான். வேலையில் தன்னையே மறந்தவனுக்குத் தன் தொண்டை எப்படிக் கேட்கும்?

எழிலரசி கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டுக்கு இரண்டு நிமிடம்.

"டிரான்ஸ்பார்மரு பாசு. நீங்க பெயிலு. அப்பா, ஓட்ட போட்டுக்கட்டுமா?"

மேஸ்திரி தாம்பாளத்தைச் சுழற்றி, தன் பெயர் வாசலைப் பார்க்கும்படி வைத்தார். "பேரு முன்னாடி தெரியணும். கட்டடத்துக்குக் கல்வெட்டு மாதிரி. அப்புறம் எத்தன ஓட்ட வேணாலும் போடட்டும்."

மறு ஞாயிறு வால்வுகள் செக்கச்செவேலென்று எரிய, கூடத்தில் ஸ்பீக்கரிலிருந்து நாயனம் ஒலித்தது. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே துளி இரைச்சல் இல்லை. பார்க்க வந்திருந்த மேஸ்திரி தாம்பாளத்தில் தன் பெயரை ஒருமுறை படித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

உம்ம்ம்.

எல்லாரும் மாதேஷைப் பார்த்தார்கள். அவன் பரவசத்தில் கண்மூடியிருந்தான்.

"நாங்க பாத்துக்கறோம் மாப்ளே" என்று மேஸ்திரி எழுந்தார். மாதேஷை நாற்காலியோடு ஒரு முழம் தள்ளினார். "கேக்குதா பாப்பா?"

"கேக்குதுப்பா."

ஜன்னலோரம். "இன்னும் கேக்குது." கதவுப் பக்கம். "கொறையுது." வாசல் தாண்டி, கோழிக்கூண்டைப் பார்த்தபடி, சற்றே கோணலாக.

"இப்ப இல்லப்பா! அப்படியே விடுங்க!"

மேஸ்திரி காதிலிருந்த பென்சிலை எடுத்து நாற்காலியின் நான்கு கால்களையும் சுற்றிக் கோடு போட்டார்.

"ஆடாதீங்க மாப்ளே. பாப்பா, அந்த டிரில்ல எடு."