உள்ளங்கையளவு பெட்டியில் ஓர் அடிக்குரல்

கணவன் நேற்றுக் காலைதான் கப்பலேறியிருந்தான். நடுக்கடலில் போன் எடுக்காது. எட்டு மாதக் குழந்தை நேற்று மதியத்திலிருந்து சொட்டுப் பால் குடிக்கவில்லை. பாட்டிலைக் கண்டாலே வீரிட்டது. "சாயங்காலம் அஞ்சு மணிவரைக்கும் பாருங்க. இல்லேன்னா கொண்டுவந்து சேர்த்துடுங்க, ட்ரிப்ஸ் ஏத்தணும்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்தப் பிஞ்சுக் கையில் ஊசியா? அவள் மறுபடி பாட்டிலை நீட்டிப் பார்த்தாள்.

குழந்தை தன் அப்பாவின் நெஞ்சில் கன்னத்தை வைத்துக்கொள்ள வேண்டும், அவன் 'உம்ம்' என்று அடிக்குரலில் முனக வேண்டும். அப்போதுதான் அது குடிக்கும். அந்த முனகல் அவள் போனில் இருந்தது. போட்டால் கொசு ரீங்காரமாக வந்தது.

ஸ்பீக்கர் ரிப்பேர் பார்க்கும் அவள் அண்ணன், உள்ளங்கையளவு ஸ்பீக்கர் பெட்டியோடும் லேப்டாப்போடும் ஓடிவந்தான்.

"அடிச்சத்தத்தை நல்லா கூட்டுண்ணா."

கூட்டினான். பெட்டி கரகரவென்று உதறியது. குழந்தை இன்னும் அலறியது.

"கூறுகெட்டவன் நான்! கடையில ஊருக்கே வகுப்பு எடுக்கறேன், இங்க வந்து மறந்துட்டேன்" என்றவன், லேப்டாப்பில் அடிச்சத்தத்தை முழுவதுமாக வெட்டினான்.

"ஐயோ, அதைத்தானே கேட்டேன்!"

"இத்தனூண்டு பெட்டியால அது முடியாதும்மா. அதைவிட ரெண்டு மடங்கு, மூணு மடங்கு வேகமா அதிர்ற சத்தமும் அதே குரல்ல மேல இருக்கு பாரு, அதைத் தூக்கிவிட்டா போதும். வெட்டின அடிச்சத்தத்தைக் காதே போட்டு நிரப்பிக்கும்."

போட்டான். அறைக்குள் கணவனின் குரல் கனமாக இறங்கியது. அவளுக்கே தூக்கிவாரிப்போட்டது. அழுகை நின்றது. குழந்தை தவழ்ந்துபோய்ப் பெட்டியில் கன்னத்தை வைத்தது. எடுத்தது. மறுபடி வைத்தது. உதடு பிதுங்கியது.

"காதுக்குக் கேக்குது, கன்னத்துக்கு அதிர்வு இல்லையே" என்றான் அண்ணன், தலையைச் சொறிந்தபடி.

மணி நாலே முக்கால்.

"சட்டையைக் கழட்டுண்ணா."

"என்னது?"

"கழட்டிட்டுச் சாஞ்சு உக்காரு. கூடவே முனகு."

"என் குரல் தகரமாச்சே! நெஞ்சுல வேற வெறும் எலும்பு..."

"வாயை மூடிக்கிட்டு முனகேன்!" அவள் பாட்டிலைக் கையில் எடுத்தாள்.

பெட்டியை அவன் தோளருகே வைத்து, குழந்தையை நெஞ்சில் சாய்த்தாள். குரல் பெட்டியிலிருந்து வந்தது. நடுக்கம் மாமனின் விலாவிலிருந்து. குழந்தை நிமிர்ந்து அவனை முறைத்தது. பாட்டிலைத் துப்பியது. இரண்டாம் முறையும் துப்பியது. பிறகு கன்னம் மெல்லப் படிந்தது. ஒரு வாய். இன்னொரு வாய்.

அண்ணன் மூச்சு வாங்க நிறுத்தினான். குழந்தையும் நிறுத்தியது.

"நிறுத்தாதேண்ணா!"

"மூச்சு முட்டுதுடி."

"முட்டட்டும்."

அவள் பாட்டிலின் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து மில்லி இறங்கியிருந்தது. கணவன் திரும்ப இன்னும் ஆறு மாதம்.