ஆறும் பன்னிரண்டும்

டெய்ரி ஃபார்ம் மேட்டில் பாதி ஏறியதும் ஜெயமணி திரும்பாமலே கேட்டாள்.

"அண்ணி, ஒரு வேலைய நான் ஒருத்தியா செஞ்சா பன்னெண்டு நாளு. நீங்க ஒருத்தியா செஞ்சா ஆறு நாளு. சேந்து செஞ்சா எத்தன நாளு?"

மூங்கிலின் முன்முனை நாத்தனாரின் தோளில், பின்முனை சுசீலாவின் தோளில். நடுவில் கயிறு கட்டிய மண்ணெண்ணெய்த் தகரம் நிறையத் தண்ணீர். ஏற்றத்தில் கயிறு பின்பக்கமே வழுக்கி, பாரம் பின்னால் நடப்பவள் தோளில் இறங்கும். கல்யாணமாகிக் கப்பலில் இந்தத் தீவுக்கு வந்திறங்கிய நாளிலிருந்து பின்னால் நடப்பவள் சுசீலாதான். யாரும் சொல்லி அப்படி அமையவில்லை.

தமிழ்ப் பள்ளியில் ஒரே ஒரு டீச்சர் வேலை. திங்கட்கிழமை பரீட்சை. இருவரும் எழுதுங்கள், கிடைத்தவள் போகட்டும் என்று பாலசுப்பிரமணியம் மனைவியிடமும் தங்கையிடமும் சொல்லிவிட்டான். கிடைக்காவிட்டால் ஜெயமணிக்கு அடுத்த கப்பலில் மெயின்லேண்ட். அங்கே மாமா பார்த்து வைத்திருக்கும் மாப்பிள்ளை. சுசீலாவுக்குக் கிடைக்காவிட்டால் இந்தத் தகரம், இந்த மேடு, டீச்சரம்மாவாகிவிட்ட ஜெயமணி சாப்பிட்டுப் போட்ட தட்டு. கணக்குப் புத்தகம் வீட்டில் ஒன்றுதான். அதைச் சுசீலா தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கினாள்.

நாலு நாள். விடை நாக்கு நுனியில் இருந்தது.

"ரெண்டையும் கூட்டிப் பாதியாக்கு," என்றாள்.

"ஒம்போதா?"

"ஒம்போதுதான்."

செம்மண்ணில் நாலு கால்களின் சத்தம் மட்டும். தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று ஒரு வார்த்தை போதும். அதற்கு நேரமும் இருந்தது. முன்னால் ஆடிய பின்னலைப் பார்த்தபடி சுசீலா அந்த நேரத்தைப் போகவிட்டாள். நெஞ்சில் புளித்த மோர் குடித்தாற்போல ஒரு சுகம்.

வளைவு தாண்டியதும் ஜெயமணி சிரித்தாள்.

"ஒத்தையில ஆறு நாள்ல முடிக்கிறவங்க, நான் கை குடுத்ததும் ஒம்போது நாளு இழுப்பீங்களா? அச்சா ஹிசாப், நல்ல கணக்கு அண்ணி!"

"தெரிஞ்சுக்கிட்டே ஏன்டி கேட்ட?"

"நீங்க என்ன சொல்லுவீங்கன்னு பாக்கத்தான். நாலு நாளு. போன வாரமே போட்டுட்டேன். நீங்க தூங்கினா தலய தூக்கிப் புத்தகத்த உருவினாக்கூட தெரியாது."

"போய் உங்கண்ணங்கிட்ட சொல்லு."

"எதுக்கு? திங்கக்கிழமை உங்க பக்கத்துலயே உக்காந்து எழுதுறேன். பாருங்க."

சுசீலா கயிற்றைப் பிடித்து, மூங்கில் வழியே ஜெயமணி பக்கமாகத் தள்ளினாள். தகரம் நகர்ந்தது. ஜெயமணியின் தோள் சட்டென்று இறங்கியது. முதுகில் தண்ணீர் தெறித்து ரவிக்கை ஒட்டிக்கொண்டது. அவள் திரும்பவில்லை. நடையை இன்னும் எட்டிப் போட்டாள். கையை எடுத்தால் தகரம் வழுக்கித் தன் மார்பிலேயே வந்து இடிக்கும். நீட்டிய கையோடு, அவள் கால் வைத்த இடத்திலேயே கால் வைத்து, சுசீலா பின்னால் ஓடினாள்.