சுருதி சேராத சீழ்க்கை

சிஹாபுதீன் ரேடியோ பழுது பார்ப்பதில் கெட்டிக்காரர். அதை அவரே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார் என்பதுதான் குறை. மலாக்காவின் காஜா பெராங் பகுதியில் அவர் கடைக்கு அடுத்த வீடு அண்ணாமலையுடையது. மலாக்காச் செட்டி, பல தலைமுறைக்கு முன் அங்கே குடியேறிய தமிழர் வம்சம்; பேச்சு முழுக்க மலாய், தமிழில் சாமி பெயர்களும் 'தம்பி'யும்தான் தெரியும்.

மெர்டேக்காவுக்கு, அதாவது நாட்டின் சுதந்திர நாளுக்கு, முந்தின வாரம் அண்ணாமலையின் மனைவி வடிவாம்பாள் இறந்துபோனாள். அவள் சீழ்க்கை அடித்தால் பதிலுக்குக் கூவும் மெர்போக் புறா, அன்றிலிருந்து வாயைத் திறக்கவில்லை. அந்த மௌனத்தோடு ஒரே வீட்டில் இருக்க அண்ணாமலையால் முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரை பார்த்துவிட்டுக் கூண்டைத் திறந்துவிடுவது என்று முடிவு செய்தார். கூண்டிலேயே பிறந்த பறவை, வெளியே ஒரு நாள் தாங்காது. அது அவருக்கும் தெரியும்.

"சீழ்க்கைதானே அண்ணே? மெஷின்லயே அடிச்சிக் காட்டுறேன் பாருங்க," என்று தமிழில் சொல்லி, அதையே மலாயிலும் சொன்னார் சிஹாபுதீன்.

சனிக்கிழமை மத்தியானம் அண்ணாமலை வீட்டுக் கூடத்தில் கடை பரப்பினார். பழைய ரேடியோவின் வால்வு ஒன்று, ஒரு கம்பிச்சுருள், ஒரு கண்டென்சர். ஸ்பீக்கரில் நூல் பிடித்தாற்போல் ஒரே சீரான சீழ்க்கை வந்தது. புறா முதுகைத் திருப்பிக்கொண்டது.

ஒரு ரெசிஸ்டரை மாற்றிப் பார்த்தார். ஆரஞ்சுக் கோடு என்று நினைத்து அவர் எடுத்தது மஞ்சள் கோடு, மின்தடை பத்து மடங்கு கூடியது. சர்க்கியூட்டுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. சீழ்க்கை எழும்பியது, பாதியில் அறுந்தது, தடுக்கி விழுந்து வேறெங்கோ எழுந்தது. ஒருமுறை வந்தது மறுமுறை வரவில்லை. சிஹாபுதீனுக்கு மானமே போயிற்று.

"கோடு மாறிப்போச்சுண்ணே, இதோ," என்று சாலிடர் கோலை எடுத்தார்.

கூண்டுக்குள் புறா கழுத்தைச் சாய்த்தது. குர்ர் என்றது. மறுபடியும், சற்று உரக்க.

அண்ணாமலை அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "ஜாங்ஙான், தம்பி. ஜாங்ஙான் பெத்துல்கான்." சரிசெய்துவிடாதே என்று கெஞ்சினார். கண் நிறைந்திருந்தது.

வடிவாம்பாளுக்குச் சுருதியே சேராதாம். ஒரே பாட்டை ஒருநாளும் ஒரே மாதிரி அடித்ததில்லையாம். அவள் ஆரம்பித்தாலே இவர் உள்ளே இருந்து "சும்பாங்!" என்று கத்துவாராம், சுருதி கெட்டுப்போச்சு என்று. அவளும் உடனே நிறுத்திவிடுவாளாம். முப்பத்தோரு வருடத்தில் ஒரு பாட்டைக்கூட இவர் முடிக்க விட்டதில்லை.

சிஹாபுதீன் கோலைக் கீழே வைத்தார். அண்ணாமலை நாற்காலியை மெஷினுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பொழுது சாயும்வரை குறுக்கே ஒரு சொல் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.