மாப்பிள்ளை வண்டியின் ஊளை

நடுரோட்டில் நின்றுபோன வண்டிகளைக் கட்டி இழுத்து வருவதுதான் எங்கள் தொழில். ரெக்கவரி வண்டியில் என் மகளைக் கட்டிய மாப்பிள்ளை. ஷெட்டில் வயர்லெஸ் பெட்டியின் முன்னால் நான். அவர் மைக்கை அழுத்தினால் பேச்சுக்குப் பின்னால் 'உய்ய்ங்' என்று ஒரு ஊளை வரும். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் ஏறும், விட்டால் இறங்கும்.

எனக்கு அது சங்கீதம். "வந்துக்கிட்டே இருக்கேன் மாமா" என்பார். ஊளை ஏறி இறங்கினால் நிஜமாகவே வருகிறார். ஒரே சுருதியில் நின்றால், எங்கேயோ ஓரங்கட்டிவிட்டு இன்ஜினை மட்டும் ஓடவிட்டிருக்கிறார். என் மகளைத் தவிர உலகத்தில் எவரையும் நம்பாதவன் நான்.

அந்தச் சமயத்தில் பஸ் கம்பெனிக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார்: "பெரியவரே, இன்னொரு தடவை லேட்டானா வேற ஆளைப் பாத்துக்குவேன்." எங்கள் வீட்டில் அடுப்பு எரிவதே அவருடைய ஓட்டை பஸ்களால்தான்.

மாப்பிள்ளைக்கு அது நல்ல சாக்கு. "இந்த இரைச்சல்ல பேசுறது புரியல மாமா, அதான் லேட்டாகுது" என்று ரேடியோ மெக்கானிக்கைக் கூட்டி வந்துவிட்டார்.

மெக்கானிக் இன்ஜினை அணைத்துப் பேசிப் பார்த்தான். ஓடவிட்டு உறுமவைத்துப் பார்த்தான். "டைனமோ சத்தம்தான். சாவி வயர்லேர்ந்து வயர்லெஸ்ஸுக்கு கரண்ட் எடுத்திருக்காங்க. பேட்டரிலேர்ந்து நேரா தனி லைன் போடணும்."

"எதுக்குப்பா வீண் வேலை?"

"பல்லு வலிக்காரன் முனகுற மாதிரி இருக்குங்க."

"எங்க வீட்டுப் பல்லு. முனகிட்டுப் போகட்டும்."

கொஞ்ச நேரத்தில் அவனுடைய வயர் சுருளைக் காணவில்லை. அதன் மேல்தான் நான் உட்கார்ந்திருந்தேன். காபி கொண்டுவந்த மகள், "எந்திரிங்கப்பா, கோழி அடைகாக்குற மாதிரி" என்றாள். அவள் பேச்சை மட்டும் நான் தட்டுவதில்லை. எழுந்தேன்.

புது லைன் போட்டான். எர்த் வயர் உட்காரும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டி இறுக்கினான். "ஊளைக்குப் பயந்து யாரோ மைக் சத்தத்தை வேற குறைச்சு வெச்சிருக்காங்க. ஏத்தி விட்டுட்டேன்." மாப்பிள்ளை முகத்தில் அப்படியொரு பூரிப்பு.

மறுநாள் மத்தியானம் மகள் தையல் கிளாஸுக்குக் கிளம்பிப் போனாள். பின்னாலேயே பஸ் கம்பெனியிலிருந்து போன்: பாலத்தடியில் பஸ் நிற்கிறது, உள்ளே ஜனம் கத்துகிறது.

"மாப்ளே, எங்க இருக்கீங்க?"

"டிராஃபிக்ல மாட்டிக்கிட்டேன் மாமா. அரை மணி ஆகும்."

ஊளை இல்லை. கண்ணைக் கட்டிவிட்ட மாதிரி உட்கார்ந்திருந்தேன். மனுஷன் மைக்கிலிருந்து இன்னும் விரலை எடுக்கவில்லை. கண்ணாடி மாதிரித் தெளிவாக இன்னொரு குரல் வந்தது.

"அரை மணி எப்படிங்க பத்தும்? ஒரு மணின்னு சொல்லுங்க. ஐஸ்கிரீமே இன்னும் வரல."

என் மகள்!

அவர் விரலை எடுக்கும்வரை காத்திருந்து அழுத்தினேன். "பாப்பா, தையல் கிளாஸ் எப்படிம்மா போகுது?"

மாப்பிள்ளை இருமுகிற சத்தம் மட்டும் வந்தது. அதுவும் வெகு தெளிவு.

"பாலத்தடியில பஸ் நிக்குது. நீ வண்டியை ஓட்டு. மாப்பிள்ளை ஐஸ்கிரீமைக் கையில பிடிச்சுக்கிட்டு வரட்டும். அஞ்சு நிமிஷத்துல அங்க இல்லன்னா ரெண்டு பேருக்கும் ராத்திரி சமையல் நான்தான்."

என் சமையலை அவர்கள் சாப்பிட்டிருக்கிறார்கள். பறந்தார்கள்.

சாயங்காலம் பஸ் கம்பெனிக்காரர் கூப்பிட்டார். "பரவாயில்லையே பெரியவரே, இன்னைக்கு ரெண்டு பேர அனுப்பியிருக்கீங்க!"

"உங்க வேலையாச்சே. நம்பிக்கையான ஆளா ஒருத்தரைக் கூடவே அனுப்பினேன்" என்றேன், வாய் கூசாமல்.