லோகுவுக்கு மட்டும் வரவில்லை

தேவாலா பக்கத்து எஸ்டேட் ஒன்றின் குழந்தைகள் காப்பகத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் வாந்தி, வயிற்றுப்போக்கு. தப்பியவன் லோகு மட்டும்தான். காப்பக ஆயா சுகந்தியின் மகன்!

"சொந்தப் புள்ளைக்கு மட்டும் தனியா சுடுதண்ணி, எங்க புள்ளைங்களுக்குப் பச்சத்தண்ணியா?" என்று நோயில் வாடிய ஒரு சிறுமியின் தாய் அங்கம்மா கத்தினாள். மேனேஜர் சுகந்தியை வேலையை விட்டு நீக்குவதாகச் சொல்லிவிட்டார்.

டாக்டர் தீபலட்சுமிக்கு ஏதோ உறுத்தியது. லோகுவின் மலத்தையும் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் இரண்டு தாய்மாரையும் கூப்பிட்டார்.

"சுகந்தி, இவனுக்கு முன்னாடி இதே மாதிரி வந்திருக்கா?"

"போன மழைக்கு வந்துச்சுங்க டாக்டர். எங்கம்மா ஊட்டுல இருந்தோம். பொழைச்சதே பெருசுங்க."

டாக்டர் அங்கம்மாவிடம் திரும்பினார். "உங்க பொண்ணுக்குத் தொத்துன அதே வைரஸ் இவன் வயித்துக்குள்ளயும் போயிருக்கு. இவனும் அதே தண்ணியத்தான் குடிச்சிருக்கான். போன தடவை பட்டதுல குடல், கிருமியை எதிர்க்கிற ஆன்டிபாடியைத் தயாரா வச்சிருக்கு. அது வைரஸைக் குடல் சுவர்லயே மடக்கிடுச்சு."

"அப்ப எம் பொண்ணுக்கும் இனிமே வராதுங்களா?"

"வந்தாலும் இவ்வளவு படுத்தாது."

அங்கம்மா சுகந்தியை முறைத்தாள். பிறகு இடுப்பிலிருந்த மகளை நீட்டினாள்.

"புடி. மேனேஜர்கிட்ட நான் பேசிட்டு வர்றேன்."