நர்ஸ் ஞானசுந்தரிக்கு வாங்கிய மாலை

ஆறு வருஷமாக டி.வி. தொடரில் நான்தான் நர்ஸ் ஞானசுந்தரி. நிஜத்தில் ஊசி போடத் தெரியாது, ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வரும். ஆனாலும் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் யாராவது வாயைத் திறந்து தொண்டையைக் காட்டாமல் விடமாட்டார்கள். டாக்டர்கள் மாறினார்கள், டைரக்டர்கள் மாறினார்கள். வெள்ளைத் தொப்பி மட்டும் என் தலையை விட்டு இறங்கவில்லை.

சிப்காட்டில் மூடிக்கிடந்த ஒரு தொழிற்சாலைதான் எங்கள் ஆஸ்பத்திரி. ஒவ்வொரு காட்சியையும் தமிழுக்கு ஒரு தடவை, கன்னடத்துக்கு ஒரு தடவை எடுப்போம். மற்ற நடிகர்கள் மாறுவார்கள், நான் மாறமாட்டேன். பக்கத்துக் கெலமங்கலத்துக்காரியான எனக்கு இரண்டுமே வீட்டுப் பாஷை.

மெட்ராஸிலிருந்து புதிதாக வந்த தமிழ் டைரக்டர் வெங்கடசாமிக்கு இளசாக ஒரு நர்ஸ் வேண்டுமாம். ஒரு செவ்வாய்க்கிழமை எனக்கு நெஞ்சுவலி வரவைத்து ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டார். அடுத்த வாரம் சாவு. கன்னடத்தில் அவர் கைவைக்க முடியாது, அதற்கு டைரக்டர் வேறு; அங்கே நான் உயிரோடுதான் இருந்தேன்.

"சார், இந்த ஊர் ஜனங்க..." என்று ஆரம்பித்தேன்.

"ஜோதியம்மா, நீங்க நடிக்கிற வேலையைப் பாருங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. படட்டும், அப்போது தெரியும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

சாவுக் காட்சியன்று, அடுத்து எடுக்கவிருந்த கன்னடக் காட்சிக்காக உடுப்போடு ஓரமாக உட்கார்ந்திருந்தேன். வார்டு நடுவே என் படம், முன்னால் விளக்கு. சொந்த ஊர்க்காரர்கள் கண்முன்னாலா நான் சாகவேண்டும்? கட்டில்களில் நோயாளிகளாகப் படுத்திருந்தவர்கள் எல்லாம் பக்கத்து ஆலைகளில் ஷிப்டு முடிந்து வந்த உள்ளூர்த் தொழிலாளிகள். அவர்கள்தான் அழவேண்டும்.

பூக்காரி செல்லி ரோஜா மாலையோடு உள்ளே வந்தாள். படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அடக் கெரகமே! உசுரோட குந்தியிருக்கற மனுசிக்கா மாலை கேட்டீங்க?"

"கதையில செத்துட்டாங்கம்மா" என்றார் டைரக்டர்.

"எப்பச் செத்தாங்க? செவ்வாக்கெழம ஆம்புலன்ஸ்ல ஏத்துனீங்க. புதன்கெழம கன்னடத்துல நல்லா எந்திரிச்சு ஊசி போட்டாங்களே! பெங்களூருக்குக் கொண்டுபோயிப் பொழைக்க வெச்சுட்டாங்கன்னு எங்க தெருவே சொல்லுது."

"அது வேற கதைம்மா!"

"என்னா வேற? அதே மூஞ்சி, அதே தொப்பி. எங்க ஊட்டுல யாருக்கு முடியலைன்னாலும் பெங்களூருக்குத்தான தூக்கிட்டு ஓடறோம்?"

குளுக்கோஸ் பாட்டிலோடு படுத்திருந்த முனிவேல் எழுந்து உட்கார்ந்தார். "அதான சார். எங்களுக்கு எப்படி அழுகை வரும்? சிரிப்புதான் வருது."

கட்டில் கட்டிலாகச் சிரிப்பு பரவியது. டைரக்டர் திரும்பத் திரும்ப 'ஆக்‌ஷன்' சொல்லிப் பார்த்தார். ஒருத்தர் கண்ணிலும் ஒரு சொட்டு வரவில்லை. கடைசியில் என்னிடம் வந்தார்.

"இங்க எல்லாரும் ரெண்டையும் பாக்கறாங்களா?"

"அதைத்தான் சார் அன்னிக்குச் சொல்ல வந்தேன்."

தலையைச் சொறிந்தார். பிறகு அவரே போய் விளக்கை எடுத்தார். "சரி, பெங்களூர்லேர்ந்து எப்போ திரும்பி வர்றீங்க?"

"பஸ்ல ஏறினா ஒரு மணி நேரம். வந்துட்டேன்னே எழுதிக்குங்க."

பிழைத்து வந்த நர்ஸை வார்டே கூடி வரவேற்பதாகக் காட்சி மாறியது. கேமரா ஓட, மாலையைச் செல்லியே என் கழுத்தில் போட்டாள். யாரும் சொல்லாமலே முனிவேல் அப்போதுதான் அழுதார்.