வளைவில் மட்டும் வந்த சத்தம்

அவள் அக்கா புருஷன் ஆசை ஆசையாக வாங்கிய ஸ்போர்ட்ஸ் கார் அது. ஓடும்போது எப்போதாவது பின்னாலிருந்து 'டப் டப்'பென்று வெடிக்கும். ஒர்க்‌ஷாப்புக்குள் கொண்டுவந்து நிறுத்தினால் மட்டும் பச்சைப்பிள்ளை மாதிரி சாதுவாகிவிடும். மெக்கானிக்கான அவளுக்கு அதுதான் எரிச்சல். எத்தனையோ வண்டிகளைப் பிரித்து மேய்ந்தவள், சொந்த அக்கா வீட்டு வண்டியிடம் மாட்டிக்கொண்டு முழித்தாள்.

முதலில் ஸ்பார்க் பிளக்குகளை மாற்றினாள். சத்தம் போயே போச்சு என்று மாமா போனில் புகழ்ந்து தள்ளினார். அந்த வாரமே மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பி வந்தார். பிளக்குக்கு மின்சாரம் தரும் காயில்களை மாற்றினாள். சைலன்சர் குழாயில் எங்காவது ஓட்டை இருக்கிறதா என்று முழங்கை சிராய்க்கத் தேடினாள். கம்ப்யூட்டரை இணைத்தால், பெட்ரோல் சில நேரம் சரியாக எரியவில்லை என்றது. "அது எனக்கே தெரியும்" என்று திரையிடம் சிடுசிடுத்தாள்.

அக்கா வேறு போன் செய்து, அவர் பெரிய கம்பெனியில் காட்டலாம் என்கிறார், நான்தான் தடுத்து வைத்திருக்கிறேன் என்றாள். அது ஆறுதலா மிரட்டலா என்று இவளுக்கு விளங்கவில்லை.

கடைசியில் கையிலிருந்த எண்ணெய்த் துணியை விசிறியடித்தாள்.

"மாமா, நீங்களே ஓட்டுங்க. நான் பக்கத்துல உக்காந்து வர்றேன்."

வழியெல்லாம் அவர் நண்பர்கள் சொன்ன வைத்தியங்களை ஒப்பித்துக்கொண்டு வந்தார். இவள் பல்லைக் கடித்துக்கொண்டு காதைத் தீட்டியிருந்தாள். நேர் ரோட்டில் ஒன்றுமில்லை. ரவுண்டானாவில் திரும்பும்போதே அவர் ஆக்ஸிலேட்டரை ஓங்கி மிதித்தார். டப். இன்னொரு சுற்றுப் போகச் சொன்னாள். டப் டப்.

"எப்பவும் வளைவுலதான் இப்படி மிதிப்பீங்களா?"

"ஸ்போர்ட்ஸ் காரை வேற எப்படி ஓட்டுறது?"

அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அக்கா வீட்டு வண்டியாச்சே, கீறல் விழக்கூடாதே என்று ஒவ்வொரு தடவையும் அவள் பதவிசாக ஓட்டிப் பார்த்திருந்தாள்.

திரும்பி வந்ததும் வண்டியைத் தூக்கி, எஞ்சினைக் கம்பியால் நெம்பினாள். ஊஞ்சல் மாதிரி ஆடியது. எஞ்சினைத் தாங்கும் ரப்பர் கிழிந்திருந்தது. வளைவில் வேகமெடுத்தால் எஞ்சின் சாயும். சாய்ந்தால் காயிலுக்குப் போகும் ஒயர் இழுபடும். அந்த ஒயர் உறைக்குள்ளேயே பாதி அறுந்திருந்தது. நொடிநேரம் தீப்பொறி நின்றுபோக, எரியாத பெட்ரோல் சூடான சைலன்சருக்குள் போய் வெடித்திருக்கிறது.

கிழிந்த ரப்பரைக் காட்டினாள். மாமா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுக்கா இவ்வளவு பாடு?" என்றார்.

புது ரப்பரும் ஒயரும் மாட்டியபிறகு அவர் தனியாகப் போய்ச் சுற்றிவிட்டு வந்தார். முகத்தில் சந்தோஷம் இல்லை.

"சத்தம் சுத்தமா நின்னுடுச்சு. ஆனா, அது இல்லாம என்னமோ சப்புனு இருக்கு. லேசா மட்டும் வர்ற மாதிரி செய்ய முடியாதா?"

அவள் கேட் பக்கம் கையைக் காட்டிவிட்டு, கிரீஸைக் கழுவப் போனாள்.